கேட்டதும் சொன்னதும்: கனடாவின் றொக் இசைக்குழுக்கள்

போன இதழில் 'றஷ்' என்ற கனடா இசைக்குழுவைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களை ஆசிரியரிடம் காட்டி, இந்த முறை பகுதி முழுவதையும் கனடாவின் றொக் இசைக்கே கேட்டு வாங்கிக்கொண்டேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் முருங்கைக்காய் என்ன விலை என்று யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டிலும் சொல்வார்கள். அந்த நாட்டில் பிறந்த பாட்டு எது, பாடியவர் யார் என்று கேட்டால் பதில் வராது. எங்கள் பேரப்பிள்ளைகள் வளர்கிற நாடு அது. தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: சித்தப்பாவின் விமானச் சீட்டில் ரொறன்ரோ என்று போடாமல் 'வை வை இசெட்' என்று மூன்று எழுத்து இருந்தது. அந்தப் பெயரில் ஒரு பாட்டே இருக்கிறது என்கிறார். உண்மையா?
(தவில் பழகும் மாணவர், கோண்டாவில்)

பதில்: உண்மை, தம்பி. ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்துக்குரிய குறியீடு அது. 'றஷ்' 1981இல் வெளியிட்ட 'மூவிங் பிக்சர்ஸ்' இசைத்தட்டில் அந்த மூன்று எழுத்தையே பெயராகக் கொண்ட உருப்படி இருக்கிறது. அதில் ஒரு சொல் கூட இல்லை, வாத்தியம் மட்டும்தான். விமானிகளுக்கு வழி காட்டுவதற்காக நிலையத்தின் வானலைக் கருவி தன் மூன்று எழுத்தையும் மோர்ஸ் என்ற தந்திக் குறியீட்டு ஒலியில் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு பறப்பின்போது அது காதில் விழ, அந்த ஒலியையே தாளமாக எடுத்துக்கொண்டார்கள்.

நீங்கள் தவில் பழகுகிறவர் என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மோர்ஸில் கோடு நீளம், புள்ளி குறுக்கம். கோட்டுக்கு இரண்டு அட்சரம், புள்ளிக்கு ஒன்று என்று வையுங்கள். முதல் எழுத்து கோடு, புள்ளி, கோடு, கோடு. வாயால் சொன்னால் 'தக த தக தக'. ஏழு. அடுத்ததும் அதே எழுத்து, இன்னொரு ஏழு. கடைசி எழுத்து கோடு, கோடு, புள்ளி, புள்ளி. 'தக தக த த'. ஆறு. ஏழும் ஏழும் ஆறும் கூட்டினால் இருபது, ஐந்து அட்சரக் கண்டத்தில் நாலு சுற்று. கையில் ஐந்தைந்தாகப் போட்டுக்கொண்டு வாயால் ஏழு, ஏழு, ஆறு சொல்லிப் பாருங்கள். எங்கே இழுத்துக்கொண்டு போகிறது, எங்கே வந்து சேருகிறது என்று உடனே பிடிபடும். உங்கள் குருவிடமும் சொல்லிக் காட்டுங்கள், சந்தோஷப்படுவார்.

அதில் தாள வாத்தியம் வாசித்தவர் நீல் பியர்ட். ஒன்ராறியோவில் சென்ற் கத்தரின்ஸ் என்ற ஊர்ப்பக்கம் வளர்ந்தவர். தகப்பனின் விவசாய இயந்திர வியாபாரத்தில் உதிரிப்பாகம் விற்றுக்கொண்டிருந்தபோதுதான் 1974இல் றஷ் அவரைக் கூப்பிட்டது. குழுவுக்குப் பாட்டு வரிகள் எழுதியதும் அவரே. பிறகு உலகமே அவரைத் தலைசிறந்த ட்றம்ஸ் கலைஞர் என்று கொண்டாடியது. அந்தப் பெயர் வந்து பல வருடம் ஆனபிறகு, 1994இல், பிரெடி குரூபர் என்ற ஆசிரியரிடம் போய் மாணவராக உட்கார்ந்தார். குச்சி பிடிக்கிற முறையில் இருந்தே மாற்றிப் பழகினார். 2020 ஜனவரியில் மூளைப் புற்றுநோயால் காலமானார். அவரிடம் எனக்கு ஆகப் பெரிய மதிப்பு அந்த 1994ஆம் ஆண்டுக்குத்தான்.

கேள்வி: மகன் குடும்பத்தோடு ரொறன்ரோவில். பேரன் பள்ளிக்கூடத்தால் வந்தால் பேஸ்மன்ரில் கிற்றாரோடுதான். "அகதியாய் வந்து ரெண்டு வேலை செய்தது இதுக்கோ" என்று மகன் தினமும் சண்டை. நான் யார் பக்கம் நிற்கிறது?
(ஒரு பேத்தியார், கொக்குவில்)

பதில்: அம்மா, மகனுக்கு இதை அப்படியே போனில் வாசித்துக் காட்டுங்கோ.

அதே றஷ் குழுவில் பாடியவர், பேஸ் கிற்றார் வாசித்தவர் கெடி லீ. 1953இல் ரொறன்ரோவின் வில்லோடேல் பகுதியில் பிறந்தவர். தாயும் தகப்பனும் போலந்து யூதர்கள். நாசிகள் பிடித்துக்கொண்டு போன வேலை முகாமில், பதின்ம வயதில் ஒருவரை ஒருவர் கண்டவர்கள். பிறகு ஔஷ்விற்ஸ் கொலைமுகாம். போர் முடிந்ததும் தகப்பன் தேடி அலைந்து, பேர்கன்-பெல்சனில் இடம்பெயர்ந்தோர் முகாமில் தாயைக் கண்டுபிடித்துக் கல்யாணம் கட்டி, இருவரும் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். முகாம், பிரிவு, தேடல், கனடா. இந்த வரிசையை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கெடிக்கு பன்னிரண்டு வயதில் தகப்பன் இறந்துபோனார். தாய் துக்கத்தோடு துக்கமாக நியூமார்க்கெற் என்ற ஊரில் இருந்த குடும்பக் கடையைத் தான் எடுத்து நடத்தி, மூன்று பிள்ளைகளை வளர்த்தார். அப்படி வளர்த்த பிள்ளை பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டு நீளத் தலைமயிரோடு பாடப் போனான். அந்தத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் றஷ்ஷின் முதல் இசைத்தட்டு 1974இல் வந்தபோது, அவர் செய்தது என்ன தெரியுமா? கடைக் கண்ணாடி முழுக்க மகனின் குழுவின் சுவரொட்டியை ஒட்டினார். இசைத்தட்டு வேண்டும், காசில்லை என்று வந்து நின்ற பிள்ளைகளுக்குச் சும்மாவே தூக்கிக் கொடுத்தார். கெடி என்ற பெயர்கூட அந்தத் தாயிடம் இருந்து வந்ததுதான். பிள்ளைக்கு வைத்த பெயர் கேரி. அவருடைய போலந்து நாக்கில் அது கெடி என்று விழ, கூட்டாளிகள் அதையே கூப்பிட, கடைசியில் சட்டப்படியும் அதுவே பெயராயிற்று.

கிற்றார் வாசித்த அலெக்ஸ் லைஃப்சனின் பெற்றோர் யூகோஸ்லாவியாவில் இருந்து போன சேர்பியர்கள். பள்ளிக்கூடத்தை விடப்போகிறேன் என்று பதின்ம வயது அலெக்ஸ் சாப்பாட்டு மேசையில் தாய் தகப்பனோடு வாதாடுகிற காட்சி அந்தக் காலத்து ஆவணப்படம் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. தகப்பனின் முகத்தைப் பார்த்தால் உங்கள் மகனின் முகம் நினைவுக்கு வரும்.

எல்லாப் பேரனுக்கும் இப்படி அமையும் என்று நான் சொல்ல வரவில்லை. றஷ் கூட மூன்றாவது இசைத்தட்டோடு படுத்துவிட்டது. நிறுவனம் கைகழுவப் பார்த்த நேரத்தில், 1976இல் வந்த நாலாவதுதான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது. நான் கேட்பது ஒன்றுதான். மகனை ஒரு நாளைக்குப் படியால் கீழே இறங்கிப் போய், சண்டை போடாமல், பிள்ளை என்ன வாசிக்கிறான் என்று இருந்து கேட்கச் சொல்லுங்கோ. படிப்பைப் பற்றிய கதையை அதற்குப் பிறகு கதைக்கலாம்.

கேள்வி: கனடாவில் உள்ளூர்ப் பாட்டுப் போடாவிட்டால் வானொலி நிலையத்தின் உரிமத்துக்கே ஆபத்து என்று கேள்விப்பட்டேன். அப்படியும் சட்டம் இருக்கிறதா?
(வானொலி அறிவிப்பாளர், யாழ் நகர்)

பதில்: இருக்கிறது. இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன்.

1960களின் கனடாவை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் அமெரிக்கா. அங்கே இருந்து வருகிற பாட்டே எல்லா நிலையத்திலும். உள்ளூர்க் குழு ஒன்று எவ்வளவு நன்றாக வாசித்தாலும், நம்ம ஊர்ப் பொடியன்கள்தானே என்று இசைத்தட்டை ஒதுக்கி வைத்துவிடுவார்கள். 1965இல் வின்னிபெக் நகரத்துக் குழு ஒன்றின் பாட்டை வெளியிட்ட நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. குழுவின் பெயரைப் போடாமல், யாரென்று கண்டுபிடியுங்கள் என்ற பொருளில் 'கெஸ் ஹூ?' என்று மட்டும் அச்சிட்டு நிலையங்களுக்கு அனுப்பியது. இங்கிலாந்தில் இருந்து வந்த யாரோ பெரிய குழு என்று நினைத்துப் போட்டார்கள், பாட்டு எங்கும் பிடித்துக்கொண்டது. பிறகு அந்தக் குழுவுக்கு அதுவே பெயராக நிலைத்தது. 1970இல் அதே 'கெஸ் ஹூ' அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கே போனது. பிறந்த நாட்டில் பாட்டு ஒலிக்க, பிறந்த ஊரை மறைக்க வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

1971 ஜனவரி 18 அன்று ஒலிபரப்பு ஆணைக்குழுவின் விதி நடைமுறைக்கு வந்தது. ஏஎம் வானொலி நிலையம் ஒவ்வொன்றும் போடுகிற பாட்டில் நூற்றுக்கு 30 கனடாவினதாக இருக்க வேண்டும். அப்புறம் அது 35 ஆகியது. எது கனடாப் பாட்டு என்று தீர்மானிக்க நாலு கேள்வி வைத்தார்கள். இசையமைத்தவர் கனடியரா, பாடியவர் கனடியரா, பதிவு கனடாவில் நடந்ததா, வரி எழுதியவர் கனடியரா. நாலில் இரண்டுக்கு ஆம் என்றால் போதும். அந்த ஆணைக்குழுவின் தலைவராக இருந்தவர் பியர் ஜூனோ. கனடாவின் 'ஜூனோ' இசை விருது அவருடைய பெயரால் வந்ததுதான்.

நிலைய முதலாளிகள் கத்தினார்கள். தரமில்லாத பாட்டைத் திணிக்கிறார்கள் என்றார்கள். கொஞ்சம் உண்மையும் இருந்திருக்கும். ஆனால் விதி வந்தபிறகுதான் ஒலிப்பதிவுக் கூடங்கள் பெருகின, தயாரிப்பாளர்கள் உள்ளூரிலேயே தங்கினார்கள், ஒரு குழு இரண்டாவது மூன்றாவது இசைத்தட்டு வரை தாக்குப்பிடிக்க முடிந்தது. விதி வந்தும் றஷ்ஷுக்கு முதல் கதவு திறந்தது அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே டொனா ஹால்பர் என்ற பெண், வானொலி நிலையத்தில் இசைத் தெரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர், தொழிலாளியைப் பற்றிய அவர்களின் ஏழு நிமிடப் பாட்டை எடுத்துப் போட்டார். தொழிற்சாலை நகரம் அது. இந்த இசைத்தட்டு எங்கே வாங்கலாம் என்று நிலையத்துக்குத் தொலைபேசி மேல் தொலைபேசி. ஒரு அறிவிப்பாளரின் காது எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது.

தம்பி, நீங்கள் ஒரு வானொலியில் இருக்கிறீர்கள். சட்டம் வரும்வரை பார்த்திருக்க வேண்டியதில்லை. எங்கள் பகுதியில் சொந்தமாகப் பாட்டு எழுதி இசையமைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தென்னிந்தியச் சினிமாப் பாட்டுக்கு நடுவே மணித்தியாலத்துக்கு ஒரு உள்ளூர்ப் பாட்டு, அதுவும் நள்ளிரவில் அல்ல, சனம் கேட்கிற நேரத்தில். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

கேள்வி: பாடகர் பிரையன் அடம்ஸ் இங்கிலாந்துக்காரரா, அமெரிக்கரா? நண்பர்களுக்குள் பந்தயம்.
(பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி)

பதில்: இரண்டு பக்கமும் தோற்றுவிட்டது. 1959இல் ஒன்ராறியோவின் கிங்ஸ்ரன் நகரில் பிறந்த கனடியர். தாய் தகப்பன் இங்கிலாந்தில் இருந்து வந்தவர்கள். தகப்பனின் இராஜதந்திர வேலையால் சிறுவயதில் நாடு நாடாகத் திரிந்து, வன்கூவரில் வேர் பிடித்தவர். 1991இல் அவருடைய காதல் பாட்டு ஒன்று இங்கிலாந்துப் பட்டியலில் 16 வாரம் தொடர்ந்து முதலிடத்தில் நின்றது. வேடிக்கை என்னவென்றால், அந்த இசைத்தட்டைக் கனடா வானொலி கனடியப் பாட்டாகக் கணக்கில் எடுக்கவில்லை. இசையும் வரியும் கனடியரல்லாத மட் லாங் என்பவரோடு சேர்ந்து எழுதியது என்பதால் மேலே சொன்ன நாலில் இரண்டு தேறவில்லை. அடம்ஸ் கோபப்பட்டது நியாயம்தான். கூட்டாக எழுதுகிறவர்களுக்கு இடம் விட்டுப் பிறகு விதியைத் திருத்தினார்கள்.

கேள்வி: மகள் பியானோவில் எல்லாத் தரமும் முடித்தவள். இப்போது ஒரு இசைக்குழுவில் கீபோர்ட் வாசிக்கக் கேட்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் மேடைக்குப் போய்ப் பழக்கமில்லை. என்ன சொல்கிறீர்கள்?
(ஒரு தகப்பன், மானிப்பாய்)

பதில்: ஐயா, கார்த் ஹட்சன் என்று ஒருவர். ஒன்ராறியோவில் லண்டன் என்ற பெயரிலேயே ஒரு நகரம் உண்டு, அங்கே வளர்ந்தவர். முறைப்படி இசை படித்தவர், தேவாலய இசையில் தோய்ந்தவர். 1961இல் ரொனி ஹோக்கின்ஸ் என்ற பாடகரின் குழுவுக்கு அவரைக் கேட்டார்கள். மதுச்சாலைகளில் றொக் வாசிக்கிற குழு. இவ்வளவு படிப்பித்தது இதற்கா என்று பெற்றோருக்குப் பெரிய கவலை. ஹட்சன் ஒரு வழி கண்டார். குழுவில் இருந்த மற்றவர்கள் ஆளுக்கு வாரம் 10 டொலர் கொடுத்து அவரிடம் இசை பாடம் எடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். வீட்டில், நான் இசை ஆசிரியராக வேலைக்குப் போகிறேன் என்று சொன்னார். பொய்யும் இல்லை. உண்மையிலேயே சொல்லிக்கொடுத்தார்.

அந்தக் குழுதான் ரொனி ஹோக்கின்ஸை விட்டுப் பிரிந்து, பொப் டிலனுக்கு வாசித்து, கடைசியில் 'த பான்ட்' என்ற பெயரில் 1968இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. ஐந்து பேர். ட்றம்ஸ் வாசித்த லெவன் ஹெல்ம் மட்டும் அமெரிக்காவின் ஆர்கன்சோக்காரர், மற்ற நால்வரும் ஒன்ராறியோ. றொபி றொபேர்ட்சனின் தாய் ஆறு தேசங்கள் எனப்படும் பூர்வகுடி நிலத்தில் வளர்ந்தவர். கோடை விடுமுறைக்கு அங்கே போகும்போது மச்சான்மாரிடம்தான் பிள்ளை கிற்றார் பழகினான். பதினாறு வயதில் ஹோக்கின்ஸ் குழுவில் சேர, கிற்றாரை விற்று பஸ் காசு எடுத்துக்கொண்டு ஆர்கன்சோவுக்குப் போனான். கிற்றார்க்காரன் கிற்றாரை விற்றுவிட்டுப் போகிறான், பாருங்கள்.

உங்கள் மகளை எடுத்துக்கொண்டால், யார் யார் வாசிக்கிறார்கள், ஒத்திகை எங்கே, இரவு எத்தனை மணிக்கு யார் வீட்டில் கொண்டுவந்து விடுவது, இவற்றைக் கேளுங்கள். அது தகப்பனின் உரிமை. மேடை கூடாது என்பதை மட்டும் சொல்லாதீர்கள். ஹட்சன் 2025 ஜனவரியில் இறந்தபோது 87 வயது. குழுவின் ஐவரில் கடைசியாகப் போனவர் அவர். ஓர்கனில் அவர் வாசித்ததை இன்றும் இசைக் கல்லூரிகளில் வைத்துப் படிக்கிறார்கள்.

கேள்வி: பிரேத வண்டியில் ஊர் ஊராய்ப் பாடப் போனவர் ஒருவர் கனடாவில் இருந்தாராமே?
(வான் சாரதி, சாவகச்சேரி)

பதில்: நீல் யங். ரொறன்ரோவில் 1945இல் பிறந்தவர். தகப்பன் பெயர்பெற்ற பத்திரிகையாளர். தாய் தகப்பன் பிரிந்தபிறகு தாயோடு வின்னிபெக்கில் வளர்ந்து, அங்கே 'ஸ்குவயர்ஸ்' என்ற குழுவை வைத்தார். வண்டிக் கதையை நீங்கள் கேட்டதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அது 1948ஆம் ஆண்டு புயிக். பெட்டியைத் தள்ளி ஏற்றவும் இறக்கவும் தளத்தில் உருளைகள் பூட்டியிருந்தன. அம்ப்ளிஃபயர்களை அதே உருளையில் ஓடவிட்டு இறக்குவார்கள். முதுகு முறியத் தூக்கவேண்டியதில்லை. சாமான் ஏற்றி இறக்குகிற உங்களுக்கு அதன் அருமை தெரியும். 1965இல் ப்ளைண்ட் ரிவர் என்ற சிற்றூரில் வண்டி படுத்துவிட்டது. அடுத்த வருடம் இன்னொரு பிரேத வண்டி, இந்த முறை பொன்ரியாக், எடுத்துக்கொண்டு லொஸ் ஏஞ்சலிஸ் வரைக்கும் ஓடிவிட்டார். அங்கே வாகன நெரிசலில், கனடாவில் முன்பு சந்தித்திருந்த ஸ்டீவன் ஸ்டில்ஸ் அந்த வண்டியையும் ஒன்ராறியோ இலக்கத் தகட்டையும் கண்டார். இப்படி ஒரு வண்டியில் வருகிற ஆள் நீல் யங்தான் என்று துரத்திப் பிடித்தார். 'பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட்' குழு பிறந்தது அந்தத் தெருவில்.

தூரத்தையும் நினைவில் வையுங்கள். பருத்தித்துறையில் இருந்து தெய்வேந்திரமுனை வரை எங்கள் தீவு முழு நீளமும் 435 கிலோமீற்றர்தான். ரொறன்ரோவில் இருந்து வின்னிபெக் தரைவழியே 2,000க்கு மேல், குளிர்காலத்தில் பனி வேறு. அதனால்தான் வின்னிபெக் பிள்ளைகள் தங்கள் ஊருக்குள்ளேயே வாசித்து முற்றினார்கள். அந்த நகரத்தில் வட்டாரம் தோறும் சமூக மண்டபம். வார இறுதியில் இளையோர் நடனம் வைப்பார்கள், உள்ளூர்க் குழு வாசிக்கும். கெஸ் ஹூவும் நீல் யங்கும் அந்த மண்டபங்களின் பிள்ளைகள்தான். எங்களுக்கும் ஊர் தோறும் சனசமூக நிலையம் இருக்கிறது. பத்திரிகை வாசித்து முடிந்தபிறகு அந்த மண்டபம் பூட்டிக் கிடக்கிற நேரம் எவ்வளவு? பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

கேள்வி: இளம்பிள்ளைவாதத்தால் எனக்கு இடது கை பலம் குறைவு. வாத்தியம் பழக ஆசைப்பட்டு விட்டுவிட்டேன். இப்போது தொடங்கலாமா?
(ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், அளவெட்டி)

பதில்: தொடங்குங்கள். பாடகி ஜோனி மிச்செலுக்கு ஒன்பது வயதில் அதே நோய் வந்தது. அல்பேர்ட்டாவில் பிறந்து சஸ்கற்றூனில் வளர்ந்தவர். கிற்றாரில் எல்லோரும் பிடிக்கிற பிடிகளுக்கு இடது கை ஒத்துழைக்கவில்லை. அதனால் கம்பிகளின் சுருதியையே மாற்றிக் கட்டி, ஒரு விரலாலோ இரண்டு விரலாலோ பிடித்தாலும் நிறைவான ஒலி வருகிற மாதிரி அமைத்துக்கொண்டார். பாட்டுக்குப் பாட்டு ஒரு சுருதி அமைப்பு என்று ஐம்பதுக்கு மேல் வைத்திருந்தார். வேறு யாருடைய கிற்றாரிலும் அந்த ஒலி வராது. நீல் யங்குக்கும் ஐந்து வயதில், 1951இல், இதே நோய் வந்து போனது. நீங்கள் வீணையில் இருந்து தொடங்க நினைக்கிறீர்களா, கிற்றாரா என்று எழுதுங்கள். சுருதி மாற்றிக் கட்டுகிற முறையை நான் எழுதி அனுப்புகிறேன்.

கேள்வி: 2016 ஓகஸ்டில் தம்பியின் வேலைத்தலத்தில் வெள்ளைக்காரர் எல்லாரும் ஒரு பாட்டுக்காரருக்காக அழுதார்களாம். அவர் யார்?
(ஒரு அக்கா, சங்கானை)

பதில்: கோர்ட் டவுனி. கிங்ஸ்ரன் நகரத்தில் 1984இல் தொடங்கிய 'ட்றஜிக்கலி ஹிப்' குழுவின் பாடகர். இவர்களைப் பற்றி எங்கள் ஆட்கள் கேள்விப்படாததற்குக் காரணம் உண்டு. கனடாவுக்கு வெளியே இவர்கள் பெரிதாக எடுபடவில்லை. ஆனால் கனடாவுக்குள், கனடாவைப் பற்றியே பாடினார்கள். 1951இல் ரொறன்ரோ ஹொக்கி அணிக்குக் கிண்ணத்தை வென்று கொடுத்த கோலைப் போட்டுவிட்டு, அதே கோடையில் மீன்பிடிக்கப் போய் விமானத்தோடு காணாமல் போன பில் பரில்கோ. அவருடைய உடல் கிடைத்த 1962 வரை அந்த அணி மறுபடி கிண்ணம் தூக்கவில்லை. அதைப் பாட்டாக்கினார்கள். செய்யாத கொலைக்காக 23 வருடம் சிறையில் இருந்த டேவிட் மில்கார்டைப் பாடினார்கள். சிறையில் இருக்கிற பிள்ளைக்காகப் பதாகையோடு நிற்கிற தாய்மாரைக் கண்ட எங்களுக்கு அந்தப் பாட்டு உடனே உள்ளே இறங்கும். மில்கார்டின் தாயும் அப்படித்தான் வருடக்கணக்காக நின்றார்.

டவுனிக்கு மூளைப் புற்றுநோய், மாறாது என்று 2016 மே மாதம் அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் நாடு முழுக்கச் சுற்றிப் பாடினார். வரிகள் மறந்துபோகும் என்று மேடையில் திரைகள் வைத்திருந்தார்கள். ஓகஸ்ட் 20, கடைசி நிகழ்ச்சி சொந்த ஊர் கிங்ஸ்ரனில். அரச தொலைக்காட்சி விளம்பரம் இல்லாமல் நேரடியாகக் காட்டியது. 1 கோடி 17 இலட்சம் பேர் பார்த்தார்கள். அப்போது அந்த நாட்டின் சனத்தொகை மூன்றரைக் கோடிக்குச் சற்று மேல். மூன்றில் ஒருவர். பிரதமர் அரங்கில் இருந்தார். அந்த நேரத்திலும் டவுனி மேடையில் நின்று, வடக்கில் இருக்கிற பூர்வகுடி மக்களுக்கு நடக்கிறதைச் சரிசெய்ய வேண்டும் என்று பிரதமரைப் பார்த்துச் சொன்னார். அடுத்த வருடம் ஒக்ரோபரில் இறந்தார். தம்பி அடுத்த முறை கதைக்கும்போது, அந்த வேலைத்தலத்து ஆட்களிடம் இந்த ஹொக்கிப் பாட்டைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். வருடக்கணக்காகக் கூட வேலை செய்து கதைக்காத ஆட்களும் கதைப்பார்கள்.

கேள்வி: பொருளாதாரத் தடைக்குள் இருந்த உங்களுக்கு இந்தப் பாட்டெல்லாம் எப்படிக் கிடைத்தது?
(ஆசிரியை, சுண்டுக்குளி)

பதில்: கசற் பதிவு செய்து கொடுக்கிற கடை வைத்திருந்தேன். வெளியே போன நண்பர்கள் ஆள் வழியாகக் கொடுத்துவிடுவார்கள். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லை, பற்றறி கொண்டுவரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயர் கொழுவி, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள். சுற்றுகிறவர் களைத்தால் பாடகரின் குரலும் தடித்து இறங்கும். றஷ் கேட்கும்போது மட்டும் சுற்றுவதற்கு ஆள் மாற்றி மாற்றி வைப்போம். தாளம் பிசகினால் அந்த இசையில் ஒன்றுமே மிஞ்சாது.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் யாராவது கனடாவில் இப்படி வந்திருக்கிறார்களா?
(க.பொ.த. உயர்தர மாணவி, உரும்பிராய்)

பதில்: றொக்கில் என்று கேட்டால் சின்னச் சின்னக் குழுக்கள் இருக்கின்றன. றப் இசையில் பெயர் சொல்லக்கூடிய ஒருவர் ஷான் வின்சென்ட் டி போல். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறுவயதில் கனடாவுக்குப் போனவர். யாஞ்சன் என்ற மிருதங்கக் கலைஞரோடு சேர்ந்து மிருதங்கத்துக்கு றப் பாடிய காணொளிகள் உலகம் முழுக்க ஓடின. 2021இல் வந்த அவருடைய இசைத்தொகுப்பின் பெயரே 'மேட் இன் ஜஃப்னா'. யூரியூப்பில் தேடினால் உடனே கிடைக்கும். முதலில் மிருதங்கக் காணொளியைப் பாருங்கள், பிறகு தொகுப்பை முழுதாகக் கேளுங்கள். ஹெட்போன் போட்டுக் கேட்டால் இன்னும் நல்லது, மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கத்துக் கனத்த ஒலி, போன் ஸ்பீக்கரில் எடுபடாது.